சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்: நிலையில்லாத வருமானத்தில் கடனைக் கையாள்வது பற்றி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவி கொழுந்து பறிக்கிறார். இவர் லீசிங்கில் எடுத்த ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவரும் பாடசாலையில் படிக்கிறார்கள். கடன் விபரத்தை ஒளிக்காமல் முழுதாக எழுதியிருக்கிறார். இரண்டு நுண்கடன் குழுக்களில் கிழமைக்கு 1,400 ரூபாயும் 1,150 ரூபாயும் கட்ட வேண்டும். மிச்சம் 38,000 ரூபாயும் 30,000 ரூபாயும். டவுனில் ஒருவரிடம் மீட்டர் வட்டிக்கு 50,000 ரூபாய், மாதம் நூற்றுக்குப் பத்து. மனைவியின் சம்பளக் கணக்கு ஏ.டி.எம். அட்டை பதினான்கு மாதமாக அந்த மனிதர் கையில். ஆட்டோவுக்கு மாதம் 18,500 ரூபாய், மூன்று தவணை பாக்கி. கடைக் கணக்கு 22,000 ரூபாய். மச்சானிடம் கைமாற்று 40,000 ரூபாய். இவை போக, இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் 2021 இலிருந்து வங்கியில் அடகில் இருக்கின்றன.

அவர் கேட்பவை மூன்று. ஒரு நிதிக் கம்பனி 300,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது, மாதம் 10,500 வீதம் 48 மாதம் கட்ட வேண்டும். அதை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? மனைவி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகலாமா? கட்டாவிட்டால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுமா? கடைசியில், இரவில் தூக்கம் வருவதில்லை, சில நேரம் வேண்டாத யோசனைகள் வருகின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். அந்த யோசனை வரும் இரவில் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அதற்கு முன் மனைவியிடம் சொல்லுங்கள். உங்கள் கணக்கை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: இது தீரக்கூடிய கடன். அதில் பெரும் பகுதி, நீங்கள் நினைப்பதை விடச் சீக்கிரமாகவே தீரக்கூடியது.

பொலிஸ் விடயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை என்பது குற்றமல்ல, அது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம், நீதிமன்றத் தீர்ப்பு வாங்கலாம். ஆனால் தவணை தவறியதற்காக உங்களைக் கொண்டுபோய் அடைக்கும்படி பொலிஸாரிடம் சொல்ல முடியாது. காசோலைதான் வேறு கதை. கணக்கில் பணமில்லாமல் கொடுத்த காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காக மாறக்கூடும். ஆகவே யாருக்கும் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள், எழுதாத தாளில் கையெழுத்தும் வைக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் யாரிடம், எத்தனை என்று குறித்து வையுங்கள். நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் போகாமல் இருக்க வேண்டாம். போகாதவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு இலகுவாக விழுகிறது.

இனி உங்கள் கணக்கு. ஆட்டோவில் பெற்றோல் செலவு போக நல்ல மாதத்தில் 45,000, மோசமான மாதத்தில் 22,000 என்கிறீர்கள். மனைவிக்குப் பிடிப்புகள் போகக் கைக்கு வருவது 28,000, கொழுந்து இல்லாத மாதத்தில் 15,000. நம் பக்கத்தில் அந்த ஏற்ற இறக்கம் யாருடைய சோம்பலாலும் வருவதில்லை. தை, மாசியில் வெயில் காய்ச்சும். ஆனி, ஆடியில் மழை விடாது. இரண்டு காலத்திலும் பறிக்கக் கொழுந்து இராது, வேலை நாளும் குறையும். கிலோ சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாட்சம்பளம்தான் போடுவார்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, பிறகு இன்னும் கூடியது. ஆனாலும் மாதத்துக்கு எத்தனை முழுப்பேர் விழுகிறது என்பதுதான் வீட்டுக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது.

நல்ல மாதம் 73,000, மோசமான மாதம் 37,000. சராசரியாக 55,000. சாப்பாடு, பாடசாலை, மின்சாரம், மருந்து எல்லாம் சேர்த்து 32,000 இல்லாமல் முடியாது என்கிறீர்கள். அப்படியென்றால் கடனுக்கு ஒதுக்கக்கூடியது சராசரியாக 23,000. கட்ட வேண்டியதோ, இரண்டு குழுக்கடனுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 11,000, மீட்டர் வட்டி 5,000, லீசிங் 18,500, ஆக 34,500. ஒவ்வொரு மாதமும் 11,500 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை நிரப்பத்தான் இரண்டாவது குழுக்கடன் வந்தது, கடைக் கணக்கு ஏறியது, மச்சானிடம் கேட்க நேர்ந்தது. நீங்கள் செலவாளி என்பதால் வந்த நிலை அல்ல இது. இன்னும் கடுமையாக உழைத்தால் சரியாகும் என்பதும் இல்லை. கட்ட வேண்டிய தொகை குறைந்தால்தான் சரியாகும்.

ஆகவே யாருக்கு முதலில் கட்டுவது என்பதே கேள்வி. இப்போது நீங்கள் கட்டுவது யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு. லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து உட்காருகிறவருக்கு ஒரு கிழமை, தொலைபேசியில் ஏசுகிறவருக்கு மறு கிழமை. இதை மாற்றுங்கள். ஒவ்வொரு கடனிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது மாதம் எவ்வளவு தின்கிறது? கட்டாவிட்டால் அவர் உண்மையில் என்ன செய்ய முடியும்? சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள 32,000 இந்த வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் தீர்க்க வேண்டியது மீட்டர் வட்டி. 50,000 வாங்கிப் பதினான்கு மாதத்தில் 70,000 வட்டி கட்டிவிட்டீர்கள், முதல் அப்படியே நிற்கிறது. இன்னும் பத்து வருடம் கட்டினாலும் அப்படியே நிற்கும். இதில் முதல் வேலை அட்டை. மனைவி தேசிய அடையாள அட்டையுடன் தன் வங்கிக் கிளைக்குப் போய் அந்த ஏ.டி.எம். அட்டையை நிறுத்தச் சொல்லி, புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது அவருடைய கணக்கு, அவருடைய சம்பளம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. சம்பள நாளுக்கு முன் இதைச் செய்யுங்கள், ஆனால் கடன்காரர் காசு எடுக்கப் போய் அட்டை வேலை செய்யாமல் திரும்பும் வரை பேசாமல் இருக்காதீர்கள். அதே நாளில் அவரிடம் போய், முதலைத் தருகிறேன், இனி வட்டி இல்லை என்று சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். தோட்டத் தலைவரையோ, கோயில் பரிபாலன சபையில் மதிப்புள்ள ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம்; அங்கே சட்டத்தரணி தேவையில்லை, உங்கள் ஊர்க்காரர்களே இருந்து பேசித் தீர்ப்பார்கள். அடிப்பேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டினால் அது கடன் விவகாரம் அல்ல. உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

இந்த நாட்டில் 1918 ஆம் ஆண்டிலிருந்தே கடன் கொடுத்தல் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வட்டி மிதமிஞ்சியது, கொடுக்கல் வாங்கல் கொடூரமானது என்று கண்டால் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து நியாயமான தொகையைத் தீர்மானிக்கலாம். நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலை வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்வதற்கே 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது உருவாக்கப்பட்டது.

முதலைக் கொடுக்க 50,000 எங்கே என்பீர்கள். அடகில் இருக்கிறது. நீங்கள் வைத்த காலத்துத் தங்க விலைக்கும் இன்றைய விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 2021 இன் பெறுமதிக்கு வாங்கிய கடனை வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். நகையின் மதிப்பு இன்று அந்தக் கடனை விடப் பல மடங்கு. வங்கிக்குப் போய், அதே நகைக்கு இன்றைய பெறுமதியில் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேளுங்கள். அடகு வட்டி ஆண்டுக்கு 15 வீதம் என்று வைத்துக்கொண்டாலும், 50,000 ரூபாய்க்கு மாதம் 625 ரூபாய். இப்போது அதே தொகைக்கு 5,000 கட்டுகிறீர்கள். இதைவிட நல்ல வழி, ஒரு வளையலை விற்று, மீட்டர் வட்டியையும் அடகுக் கடனில் ஒரு பங்கையும் அடைத்து, மற்ற நகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவது. விற்பதென்றால் நகையின் எடையையும் காரட்டையும் அடகுச் சீட்டில் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். அடகை மீட்டுத் தந்து வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களிடம் மூன்று நகையையும் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள்.

நகையை விற்கச் சொன்னால் நம் பெண்களுக்கு நெஞ்சு கனக்கும். அது தாய் வீட்டிலிருந்து வந்தது, மகளுக்கென்று வைத்தது. அந்த வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. முடிவு உங்கள் மனைவியுடையதாக இருக்கட்டும், கணக்கை அவர் முன் வைத்துப் பேசுங்கள். தாலிக்கொடியையும் அடகு வைக்கத் தயார் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு அவசியமே இல்லை.

அடுத்தது ஆட்டோ. இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்கிறேன். நல்ல மாதமும் மோசமான மாதமும் கலந்து ஆட்டோ தருவது மாதம் 33,500. லீசிங் போனால் 15,000. அதில் டயர், காப்புறுதி, பழுது பார்க்கும் செலவு இன்னும் கழிக்கப்படவில்லை. முழு மாதமும் ஓடி, அதற்கும் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். கம்பனியின் கிளைக்கு நேரில் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையை 13,000 அளவுக்குக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பாக்கிக்குப் போட்ட தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படியும் கேளுங்கள். நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் இன்றைய துண்டு விழுதல் நிற்க வேண்டும். மறுத்துவிட்டால், கம்பனிக்குத் தெரியப்படுத்தி அதன் சம்மதத்துடன் ஆட்டோவை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள் அல்லது விற்று லீசிங்கை முடியுங்கள். வழியில் மறித்து எடுத்துப் போகும் வரை காத்திருக்காதீர்கள். அப்படி எடுத்த வாகனம் பெரும்பாலும் குறைந்த விலைக்குத்தான் ஏலம் போகும். குறையும் பணம் அப்போதும் உங்கள் பெயரிலேயே நிற்கும், உங்களுக்குப் பிணை நின்றவரையும் தேடிப் போகும். ஆட்டோவே போனாலும் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம், நுவரெலியாப் பக்க மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகலாம். வண்டி போவதால் மானம் போகாது.

நுண்கடன் இரண்டையும் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். எனக்கோ உங்கள் கணக்கில் நம்பிக்கை தரும் இடம் அதுதான். 38,000 ஐ 1,400 ஆல் வகுத்துப் பாருங்கள், 27 கிழமை. 30,000 ஐ 1,150 ஆல் வகுத்தால் 26. இரண்டும் ஏறத்தாழ அரை வருடத்தில் முடிந்துவிடும். முதலாவது குழுக்கடன் 60,000 வாங்கி 52 கிழமை 1,400 கட்டுவது. வட்டி நூற்றுக்கு 21 போலத் தெரியும், ஆனால் முதலும் கிழமைதோறும் குறைந்துகொண்டே போவதால் உண்மையான ஆண்டு வட்டி 40 வீதத்தைத் தொடுகிறது. இதற்காகவே, இந்தக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேருவது கூடவே கூடாது. இருப்பதை முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

கொழுந்து இல்லாத கிழமைகளில் முழுத் தவணை கட்ட முடியாது. அதைக் கூட்டம் நடக்கும் நாளன்று காலையில் சொல்லாதீர்கள். உங்கள் தவணைக்காகக் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கைக்காசைப் போட வேண்டி வருகிறது, அவர்களும் உங்களைப் போன்றவர்களே. இரண்டு கிழமைக்கு முன்பே குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டு, கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன மாதங்களில் பாதித் தவணை, மிச்சத்தைக் கடைசியில் சேர்த்துக் கட்டுகிறேன் என்று. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாயும் கடன் புத்தகத்தில் பதியப்பட வேண்டும்.

வசூலுக்கு வருகிறவர் இருட்டும் வரை காம்பராவில் உட்கார்ந்திருப்பதும், அயலவர் முன் பெண்களை ஏசுவதும் நம் தோட்டங்களில் பழகிப்போன விடயமாகிவிட்டது. அது பழக வேண்டிய விடயம் அல்ல. அந்த நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா என்று விசாரியுங்கள். பெற்றதென்றால் 1935 என்ற இலக்கத்தில் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு செய்யலாம். 2023 இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கடன் வசூலில் தொந்தரவு செய்வதை அனுமதிப்பதில்லை. வந்தவரின் பெயர், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காக 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்திலும் பேசலாம்.

இப்போது 300,000 ரூபாய்க் கடன். எடுக்காதீர்கள். மாதம் 10,500 வீதம் 48 மாதம் என்றால் கட்டி முடிப்பது 504,000. உங்கள் கடன்களையும் லீசிங் பாக்கியையும் கூட்டினால் 235,500 தான். மிச்சம் 64,500 கைக்கு வந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அரை வருடத்தில் முடியப்போகும் குழுக்கடனை நான்கு வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போவதாகவும் ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த 10,500 ஒவ்வொரு மாதமும் குறித்த திகதியில் கேட்கப்படும்; உங்கள் மோசமான மாதத்தில் சாப்பாடு போக மிஞ்சுவது 5,000. நிலையில்லாத வருமானக்காரர் எந்தக் கடனுக்குக் கையெழுத்திட்டாலும் மோசமான மாதத்தை வைத்துத்தான் தவணையைப் பேச வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலோ சமுர்த்தி வங்கியிலோ குறைந்த வட்டிக்குச் சிறு கடன் கிடைத்து, அதன் தவணை அந்த 5,000 க்குள் அடங்கினால் யோசிக்கலாம்.

கடன் இணக்க சபைக்குப் போ என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வந்த அந்தச் சபை, காணியை ஈடு வைத்த கடன்களுக்கானது. லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஈடு வைக்கக் காணியும் இல்லை. உறுதி இல்லாததால்தான் நம்மவர்களுக்கு வங்கிக் கதவு திறக்காமல் மீட்டர் வட்டிக்காரர் கதவு திறக்கிறது. இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்த சமூகத்துக்குக் காணி உறுதி ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள், உங்கள் கடன் கணக்கை ஒரு தடவை பார்த்தால் போதும்.

மனைவி வெளிநாடு போவது பற்றி. மேலே சொன்னபடி செய்தால் ஆறு ஏழு மாதத்தில் மீட்டர் வட்டியும் குழுக்கடன் இரண்டும் இல்லை. அதற்காக ஒரு தாய் இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிய வேண்டுமா என்று யோசியுங்கள். பிறகும் போக விரும்பினால் அது அவர் உரிமை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற பணியகத்தின் தொலைபேசி இலக்கத்தில் கேட்டுவிட்டுப் போகட்டும். முன்பணம் தருகிறோம் என்று வீட்டுக்கு வரும் தரகரிடம் வாங்கும் பணமும் கடன்தான்.

சிறு சிறு விடயங்கள் சில. மனைவியின் சம்பளத் துண்டை எடுத்து ஒவ்வொரு பிடிப்பையும் பாருங்கள்: தீபாவளி முற்பணம், சந்தா, மரண சகாய நிதி, தேத்தூள். முடிந்துபோன முற்பணம் இன்னும் கழிக்கப்படுகிறதா என்று கணக்கப்பிள்ளையிடமோ அலுவலகத்திலோ கேட்கத் தயங்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியைக் காட்டி யாரிடமும் கடன் வாங்காதீர்கள், அது முதுமைக்கு. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை என்றால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் மேன்முறையீடு பற்றிக் கேளுங்கள். 2025 தையிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 கொடுக்கப்படுகிறது. உங்கள் மோசமான மாதத்தில் அது பெரிய தொகை. கடைக்காரரிடம், இனி ரொக்கத்துக்கு வாங்குகிறேன், பழைய கணக்குக்கு மாதம் 1,000 தருகிறேன் என்று பேசுங்கள். மச்சானிடம் ஒளிந்து திரியாதீர்கள். குழுக்கடன் முடிந்த பிறகு மாதம் 5,000 என்று நேரே சொல்லிவிட்டால், கோயில் திருவிழாவில் அவர் முகத்தைப் பார்க்க முடியும்.

அடகுச் சீட்டில் உள்ள எடை, காரட், கடன் தொகை, புதுப்பித்த கடைசித் திகதி ஆகியவற்றையும், லீசிங் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை தவணை மிச்சம் என்பதையும் பார்த்து எழுதுங்கள். எந்த நகையை விற்பது, ஆட்டோவை வைத்திருப்பதா விடுவதா என்பதை அந்த விபரங்களை வைத்து உங்கள் மனைவியோடும் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம். அதுவரை அந்த நிதிக் கம்பனியின் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். அட்டையை நிறுத்த வங்கிக்குப் போவதை மட்டும் இந்தக் கிழமையே செய்துவிடுங்கள்.